நாற்பத்து மூன்றாவது ஓட்டை

என் வீட்டுக்காரர் பல் செட் செய்கிறவர். டாக்டர்கள் வாயில் அளவெடுத்து அச்சை அனுப்புவார்கள். இவர் மெழுகோடும் பிளாஸ்டரோடும் ஒரு வாரம் மல்லுக்கட்டி ஆளுக்கொரு புதுச் சிரிப்பைச் செய்து கொடுத்துவிடுவார். நாங்கள் குடியிருக்கிற கீழ்வீட்டின் முன்னறைதான் பட்டறை. புதிதாக வருகிறவர்கள் ஜன்னலோரம் வரிசையாக உட்கார்ந்திருக்கும் பல் வரிசைகளைப் பார்த்து ஓர் அடி பின்வாங்குவார்கள். எனக்குப் பழகிவிட்டது. அலமாரி துடைக்கும்போது அவற்றையும் துடைத்து வைத்துவிடுவேன்.

மனுஷர் நல்லவர், வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாதவர். ஆனால் ஒரு வீம்பு உண்டு. யார் வாயில் இவர் செய்த பல் இருக்கிறது என்று யாரிடமும் மூச்சுவிட மாட்டார், கட்டின பெண்டாட்டியிடம்கூட. கல்யாண வீட்டில் நாலு பேர் இவரைப் பார்த்துச் சிரித்தால் தரையைப் பார்ப்பார். அதில் எத்தனை சிரிப்பு உங்கள் கைவேலை என்று குடைந்து குடைந்து கேட்டிருக்கிறேன். தொழில் தர்மம், வாய் விஷயம் வெளியே போகக் கூடாது என்பார். முப்பது வருஷமாக இதே பதில்தான். சொல்லுங்கள், ஒரு பொம்பளை எத்தனை நாள் பொறுப்பாள்?

என் வேலை பஸ் நிலையத்தில், முன்பதிவுக் கவுண்டரில். கண்ணாடிக்குக் கீழே அரைவட்டமாக ஓர் ஓட்டை இருக்கும். அதன் வழியாகக் கை உள்ளே வரும், டிக்கெட் வெளியே போகும். பதினெட்டு வருஷத்தில் முகங்களைவிடக் கைகளைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். அங்கே எதற்கும் ஓர் அறிவிப்பு ஒட்டுவோம். வரிசையில் வரவும், பேனா கேட்காதீர்கள், நின்று பேசிக்கொண்டிருக்காதீர்கள் என்று எல்லாம் என் கையெழுத்துதான். அழகாக எழுதுவேன் என்று ஆபீஸில் ஒரு பெயர்.

இனி கோழிகள். ஐந்து. மகள் வேலை கிடைத்து வெளிநாடு போனதும் வீடு வெறிச்சோடிப் போனது. இவரோ நாளெல்லாம் பேசாத வாய்களோடு வேலை செய்கிறவர், தானும் பேசமாட்டார். ஒரு நாள் சந்தையில் ஐந்து குஞ்சுகளை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். கொல்லையில், மோட்டார் அறைச் சுவரை ஒட்டி இடுப்புயரத்துக்கு ஒரு கூண்டு. ஒருத்தி மேனேஜர், ஒருத்தி சீமாட்டி, ஒருத்தி அழுமூஞ்சி, மீதி ரெண்டும் ரெட்டை. காலையில் கூண்டைத் திறந்தால் ஐந்தும் ஒரே நேரத்தில் என்னிடம் புகார் சொல்லும். அந்தச் சத்தம் கேட்டால்தான் எனக்குப் பொழுது விடிந்த மாதிரி இருக்கும். அவை இல்லாவிட்டால் அந்த வீட்டில் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும், ஒளிக்காமல் சொல்கிறேன்.

மாடியில் வீட்டுச் சொந்தக்காரம்மாவும் அவருடைய கணவரும். அவரை நாங்கள் மோட்டார் சார் என்போம். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு தண்ணீர் மோட்டார் போடுவதும் நிறுத்துவதும்தான் அவருடைய முழுநேர உத்தியோகம். மோட்டார் அறைச் சாவி அவர் இடுப்பைவிட்டு இறங்காது. அம்மா கண்டிப்பானவர், நான் அக்கா என்று கூப்பிடுவேன். முன்பெல்லாம் என் கோழிகளின் முட்டை தினம் ரெண்டு மேலே போகும். போன மாசம் சாருடைய ரத்தப் பரிசோதனைத் தாளில் ஏதோ ஓர் எண் ஏறிவிட்டது என்று அக்கா முட்டையை அடியோடு நிறுத்திவிட்டார்.

அந்தச் சமயம் பார்த்து எனக்கு முட்டை குறைய ஆரம்பித்தது. ஒரு கோழி முட்டையிட்டால் தெருவுக்கே அறிவிக்கும், நான் எண்ணிக்கொள்வேன். நாலு கத்தல் கேட்டால் நாலு முட்டை இருக்க வேண்டும், மூன்றுதான் இருக்கும். கூண்டில் எலிப் புழுக்கை வேறு. தீனி மூட்டையின் அடியில் ஓட்டை. எலிதான் முட்டையை உருட்டிக்கொண்டு போகிறது என்று முடிவு கட்டி, பார்க்கிறவரிடமெல்லாம் புலம்பினேன். என் வாய் சும்மா இருக்குமா? அக்காவிடமும் சொல்லி வைத்தேன்.

போன திங்கட்கிழமை அக்கா அரிசி டிரம்மைத் திறந்தபோது உள்ளேயிருந்து ஓர் எலி அவரை நிமிர்ந்து பார்த்திருக்கிறது. அவர் மாடியிலிருந்து இறங்கி வந்த வேகத்தில் படிக்கட்டே அதிர்ந்தது. கோழி இருக்கிற இடத்துக்குத்தான் எலி வருமாம், அங்கிருந்துதான் மாடிக்கு ஏறுமாம். பெரும்பாலும் உண்மைதானே, நானும் தலையாட்டினேன்.

"ஞாயித்துக்கிழமை காலையில பத்து மணிக்கு நானே வந்து பாப்பேன்" என்றார். "எலி நுழையற மாதிரி ஒரு சந்து இருந்தாலும் சரி, முட்டை ஒண்ணு குறைஞ்சாலும் சரி, கோழிய யாருக்காவது குடுத்துடு. அப்புறம் எங்கிட்ட வந்து அழக் கூடாது."

அவர் பின்னால் மோட்டார் சார் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாவம், சண்டை பிடிக்காத மனுஷர் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் உள்ளே போய் இவரிடம் சொன்னேன். இவர் ஒரு கடைவாய்ப் பல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நிமிராமலே, பொந்து அடைப்பது நம் குடும்பத் தொழில்தானே என்றார். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. ஆனால் மனுஷர் என்ன செய்தார் தெரியுமா? செவ்வாய்க்கிழமை பல் அச்சு வார்க்கிற பிளாஸ்டரைக் குழைத்துக்கொண்டு போய், கண்ணில் பட்ட பொந்தையெல்லாம் வழவழவென்று பூசி, தேய்த்து, மெருகேற்றிவிட்டு வந்தார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. புதன்கிழமை காலையில் எலி அதையெல்லாம் ரொட்டித் துண்டு மாதிரி கடித்துத் துப்பியிருந்தது. இவர் குனிந்து அந்தக் கடித் தடத்தைப் பார்த்து, "நல்ல பல்லு" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. என் கோழிகள் வீட்டைவிட்டுப் போகப்போகின்றன, இவர் எலிக்கு சர்டிபிகேட் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

வியாழன் எனக்கு வார விடுமுறை. உச்சி வெயிலில் கோழிகளை வெளியே விட்டுவிட்டு, கையில் சாக்பீஸோடு நானே கூண்டுக்குள் புகுந்தேன். இவர் கதவைச் சாத்தி, திறந்த பக்கத்தைக் கோணியால் மூடினார். உள்ளே கும்மிருட்டு. அதில் எங்கெல்லாம் வெளிச்சம் ஊசியாக எட்டிப் பார்க்கிறதோ அதெல்லாம் ஓட்டை. ஒவ்வொன்றையும் சுற்றி வட்டம் போட்டு எண் எழுதினேன். நடுவில் மேனேஜர் எப்படியோ உள்ளே வந்து என் தலைமேல் ஏறி நின்றுகொண்டாள். முழங்கால் மரத்துப்போய் வெளியே வந்தபோது எண்ணிக்கை நாற்பத்திரண்டு.

சுண்டு விரல் நுழைந்தால் சுண்டெலி நுழையும், கட்டைவிரல் நுழைந்தால் பெரிய எலியே நுழையும் என்று ஹார்டுவேர்க் கடைக்காரர் இவருக்குப் பாடம் எடுத்திருக்கிறார். கூண்டில் நாங்கள் அடித்திருந்தது பெரிய கண் வலை. அது கோழி வெளியே போகாமல் இருக்கத்தானாம், எலி உள்ளே வராமல் இருக்க இல்லையாம். வாங்கும்போதே இதைச் சொல்லியிருக்கலாம் அந்தப் புண்ணியவான். சின்னக் கண் கம்பி வலை வாங்கி வந்து பழைய வலைமேல் அடித்தோம். சின்னப் பொந்துகளில் பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரைத் திணித்து, மேலே சிமெண்டு பூசினோம். எலி தோண்டிக்கொண்டு வராமலிருக்க, கூண்டைச் சுற்றி ஒரு சாண் ஆழத்தில் வலையை வெளிப்பக்கமாக மடக்கிப் புதைத்தோம். காற்று போக மேலே விட்டிருந்த இடத்தை அடைக்காமல் வலை மட்டும் போட்டோம். கதவு விஷயத்தில் இவர் தன் குணத்தைக் காட்டிவிட்டார். மேல் பல்லும் கீழ்ப் பல்லும் சரியாகப் பொருந்துகிறதா என்று பார்க்க ஒரு நீலத்தாள் வைத்திருப்பார், கடித்தால் பட்ட இடத்தில் மை ஒட்டும். அதைக் கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே வைத்துச் சாத்திச் சாத்திப் பார்த்து, மை பட்ட மேட்டையெல்லாம் அரம் போட்டுத் தேய்த்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்தக் கதவு மூடின சத்தம் இருக்கிறதே, பணக்கார வீட்டு அலமாரி தோற்றுப்போகும்.

சோதித்துப் பார்க்கத் தரை முழுக்க பிளாஸ்டர் பொடியைத் தூவி வைத்தோம். சனிக்கிழமை காலையில் பொடியில் கோழிக் கால் தடம் மட்டும்தான். எலி வந்த அடையாளமே இல்லை. எனக்கு மதிய ஷிப்ட், ஆற அமர உட்கார்ந்து கத்தல்களை எண்ணினேன். நாலு. ஒன்பது மணிக்கு முட்டையிடும் பெட்டிகளைத் திறந்தேன். மூன்று. மறுபடியும் எண்ணினேன். மூன்றுதான்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இவரை இழுத்துக்கொண்டு வந்தேன். வாய்க்குள் பார்க்கிற குட்டிக் கண்ணாடியையும் டார்ச்சையும் எடுத்துக்கொண்டு இவர் கூண்டுக்குள் குப்புறப் படுத்தார். மூன்றாவது பெட்டிக்குப் பின்னால் வைக்கோலை விலக்கியதும் சுவரில் ஓர் ஓட்டை தெரிந்தது. மோட்டார் அறையிலிருந்து முன்பு ஏதோ குழாய் வந்த வழி, ஒரு கை தாராளமாக நுழையும். மறுபக்கம் மோட்டார் அறை எப்போதும் இருட்டு. அதனால்தான் வியாழக்கிழமை அதில் வெளிச்சம் வரவில்லை, நானும் வட்டம் போடவில்லை.

ஓட்டை நிறைய முட்டை ஓட்டுத் துண்டுகள், நடுநடுவே எலிப் புழுக்கை. எலிக்கு இங்கே தினமும் விருந்து நடந்திருக்கிறது. முந்தின ராத்திரி வாசலிலேயே சாப்பாடு கிடைத்ததால் உள்ளே இறங்கவில்லை போலிருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே, பாதி கடித்த முட்டை ஒன்று கிடந்தது. அவித்த முட்டை. இன்னும் சூடுகூட முழுசாக ஆறவில்லை.

எலி முட்டையை அவித்துத் தின்னாது என்பது எனக்கே தெரியும்.

இவர் அந்தப் பாதி முட்டையை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். வெள்ளைக் கருவில் பல் தடம் அச்சுக் குத்தினாற்போல் இருந்தது. இடதுபக்க ரெண்டாவது பல் பக்கத்துப் பல்மேல் லேசாக ஏறியிருந்தது. செட்டுப் பல் என்று தெரியாமலிருக்க வேண்டுமென்றே அப்படி வைப்பது இவர் வழக்கம். இவர் அதையே பார்த்தார். காது மடல் சிவந்தது. பிறகு தரையைப் பார்த்தார். கல்யாண வீட்டில் பார்ப்பாரே, அதே பார்வை.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மோட்டார் அறைக்குள் போகிற ஆள் இந்த வீட்டில் ஒருத்தர்தான். ஆனாலும் இவர் வாயால் கேட்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். யார் பல் என்றேன். தெரியாது என்றார். உங்கள் கைவேலையா என்றேன். கோழிக்குத் தண்ணீர் வைத்தாயா என்று கேட்டார். இந்த முட்டையையே எடுத்துக்கொண்டு போய் அக்காவிடம் காட்டப்போகிறேன், இது யார் பல் வரிசை என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், என் கோழிகள் தப்பிக்கும் என்றேன். அவர் முட்டையைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"நான் சொன்னேன்னு வையி, அப்புறம் எவன் என் பல்லைப் போட்டுக்கிட்டு தைரியமா வாயைத் திறப்பான்?" என்றார். சத்தம் போடாமல்தான் சொன்னார்.

நான் கூண்டு வாசலிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். கோபத்தில் பாதி, ஆற்றாமையில் பாதி. தின்றது யாரோ, போகப்போவது என் கோழிகளா? ஆனால் அழும்போதே இன்னொன்றும் தோன்றியது. நான் போய்ச் சொன்னால் அக்கா அந்த மனுஷரை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார். எழுபது வயதில், ஒரு முட்டைக்காக, இருட்டறையில் ஒளிந்து நின்று தின்கிற ஆள். அதை நினைத்தால் எனக்கே ஒரு மாதிரி இருந்தது. அழுமூஞ்சி வந்து என் புடவை ஓரத்தைக் கொத்தினாள். நான் மூக்கைத் துடைத்துக்கொண்டு அந்த ஓட்டையைப் பார்த்தேன். பார்க்கப் பார்க்க அது என் கவுண்டர் ஓட்டை மாதிரியே இருந்தது. பதினெட்டு வருஷமாக முகம் தெரியாத கைகளுக்குத்தானே கொடுத்துக்கொண்டிருக்கிறேன்?

"யாரு பல்லுன்னு நீங்க சொல்லவே வேணாம்" என்றேன். "எலி நுழையக் கூடாது, ஒரு கை நுழையணும். அப்படி ஒரு மூடி செய்ய முடியுமா?"

இவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. சாவி கேட்க இவரே மாடிக்குப் போனார். மோட்டார் சார் முகம் வெளுத்துவிட்டதாம். சாவியைக் கொடுத்துவிட்டுப் பின்னாலேயே வந்து, கொல்லையில் நின்றபடி மேகத்தை ஆராய்ச்சி செய்தார். மோட்டார் அறைக்குள் சுவிட்சுப் பலகைக்குக் கீழே ஒரு கெட்டில், ஒரு ஸ்பூன், ஒரு உப்பு டப்பா. இவர் எதையும் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. எவர்சில்வர் தகட்டை அளந்து வெட்டி, ரெண்டு பக்கமும் தகடு வழுக்கி ஓடப் பள்ளக் காடி வைத்து, விரலால் தூக்கினால் ஏறும், விட்டால் தானே விழுந்து மூடும்படி பொருத்தினார். ஓட்டை விளிம்பில் தகடு முழுசாகப் படிகிறதா என்று அதற்கும் நீலத்தாள் வைத்துப் பார்த்தார். முட்டை ஓடு போட மூடி வைத்த ஒரு டின் கொடுத்தேன். வெளியே வரும்போது சாரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாராம், கடி நல்லா இருக்கா சார் என்று. நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டு அவர் மறுபடியும் மேகத்தைப் பார்த்தாராம்.

இங்கேதான் நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். ஷிப்டுக்குக் கிளம்புமுன் வேலையைப் பார்க்க மோட்டார் அறைக்குள் போனேன். ஓர் ஓட்டை, அதற்கு ஒரு மூடி, மேலே வெறுமையாகச் சுவர். என் கை சும்மா இருக்குமா? வீட்டுக்குள் போய் ஓர் அட்டையில் பட்டை மார்க்கரால் கொட்டை எழுத்தில் எழுதிக்கொண்டு வந்து ஒட்டிவிட்டேன்.

"ஒரு நாளைக்கு ஒரு முட்டை மட்டும். ஓடுகளை டின்னில் போடவும். மூடியைத் திறந்து வைத்துவிட்டுச் செல்லாதீர்கள்."

தள்ளி நின்று ரசித்துவிட்டு வேலைக்குப் போனேன். அதோடு மறந்தும்போனேன்.

ஞாயிற்றுக்கிழமை சரியாகப் பத்து மணிக்கு அக்கா ஒரு பென்சிலோடு வந்தார். பென்சில் நுழைந்தால் எலி நுழையும் என்பது அவர் கணக்கு. கூண்டைச் சுற்றிவந்து ஒவ்வொரு மூட்டிலும் குத்திப் பார்த்தார். எங்கேயும் நுழையவில்லை. கதவைத் திறந்து மூடினார். அந்தச் சத்தம் பிடித்துவிட்டது, இன்னொரு தரம் திறந்து மூடினார். நான் மனசுக்குள் குதித்துக்கொண்டிருந்தேன். அப்போது அவர் குனிந்து மூன்றாவது பெட்டிக்குப் பின்னால் பளபளத்த தகட்டைப் பார்த்துவிட்டார்.

"இது என்ன?"

"காத்தோட்டத்துக்கு" என்றார் மோட்டார் சார். அவரை யாரும் கேட்கவில்லை.

அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, அந்தப் பக்கத்தையும் பார்க்க வேண்டும், சாவியைக் கொடுங்கள் என்றார். அந்த நொடியில்தான் அட்டை ஞாபகம் வந்தது. சார் எல்லாப் பையிலும் கையை விட்டுத் தேடினார், சாவியோ அவர் இடுப்பில் தொங்கியது. அக்காவே அதை அவிழ்த்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்து விளக்கைப் போட்டார். நாங்கள் மூன்று பேரும் வாசலில் வரிசையாக நின்றோம். இவர் தரையைப் பார்த்தார், சார் வானத்தைப் பார்த்தார், எனக்குப் பார்க்க இடமே இல்லை.

அக்கா அட்டையை முழுசாகப் படித்தார். கெட்டிலைப் பார்த்தார். உப்பு டப்பாவை எடுத்துக் குலுக்கிப் பார்த்து, இருந்த இடத்திலேயே வைத்தார். தகட்டைத் தூக்கிவிட்டார், அது டக்கென்று விழுந்து மூடியது. பென்சிலால் விளிம்பைக் குத்திப் பார்த்தார், நுழையவில்லை. விளக்கை அணைத்துவிட்டு வெளியே வந்தார்.

"இன்னைக்கு எத்தனை முட்டை?" என்றார் என்னிடம்.

நாலு கத்தல், நாலு முட்டை என்று கூடையை நீட்டினேன். அவர் எண்ணிப் பார்த்தார்.

"சரி, இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு மாடிப்படி ஏறினார். கோழியா, கூண்டா, முட்டையா, எது இருக்கட்டும் என்று கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. சார் அவர் பின்னால் பூனை மாதிரி போனார். நான் கூண்டைத் திறந்து மேனேஜரைத் தூக்கிக் கட்டிக்கொண்டேன். அவளுக்குப் பிடிக்கவில்லை, என் கன்னத்தில் கொத்தினாள். அப்போதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

அன்றைக்கெல்லாம் மாடியில் இடி விழுமென்று காது கொடுத்துக் காத்திருந்தேன். ஒன்றும் விழவில்லை. திங்கட்கிழமை காலை நாலு கத்தல், மூன்று முட்டை. மோட்டார் அறைச் சாவி வாசல் ஆணியில் பகிரங்கமாகத் தொங்கியது. தகடு சரியாக மூடுகிறதா என்று பார்க்க இவர் உள்ளே போக, நானும் கூடவே போனேன். டின்னில் முட்டை ஓடு ஒழுங்காகக் கிடந்தது. சுவிட்சுப் பலகைக்குக் கீழே உப்பு டப்பாவைக் காணோம். அந்த இடத்தில் மிளகுத்தூள் டப்பா ஒன்று புதிதாக உட்கார்ந்திருந்தது.

என் அட்டையில், நான் எழுதியதற்குக் கீழே, சிவப்பு மையில் ஒரு வரி சேர்ந்திருந்தது. "ஞாயிறு விடுமுறை."

இவர் கண்ணாடியை மூக்கின்மேல் ஏற்றிக்கொண்டு ரெண்டு தரம் படித்தார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இது யாருடைய கையெழுத்து என்று கேட்டார். பதினெட்டு வருஷமாகக் கையெழுத்துப் பார்க்கிறவளுக்கு அது தெரியாதா? வீட்டு வாடகை ரசீது ஒவ்வொன்றிலும் பார்த்த கையெழுத்துதான்.

"தொழில் தர்மம்" என்றேன். "கவுண்டர் விஷயம் வெளிய போகக் கூடாது."